நூற்றுப் பதினேழின் சுற்றளவு

மரம் சுருங்காது. இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லப்பட்ட வேதவாக்கு அது. "வளரும், இல்லைன்னா சும்மா நிக்கும். சுருங்கறதுங்கற பேச்சே கிடையாது. போன மாசத்தைவிட அளவு குறைஞ்சா, வளையம் எங்கயோ நழுவியிருக்குன்னு அர்த்தம். ஒரு தட்டு தட்டிட்டு போன மாச அளவையே எழுதிடு" என்றார் சூப்பர்வைசர். பன்னிரண்டு வருடம் அப்படியே எழுதினேன். நல்ல மழை பெய்த வருடங்களில் அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

என் வேலை இதுதான். ஆராய்ச்சி நிலையத்துக்குப் பின்னால் உள்ள காட்டில் இருநூற்றுப் பத்து மரங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் ஒரு தகட்டு வளையம். அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். மரம் பருத்தால் ஸ்பிரிங் நீளும், வளையத்தில் பொறித்திருக்கும் கோடு நகரும். மாதம் ஒரு தடவை நான் போய் அந்தக் கோட்டைப் படித்து எண்ணைக் குறித்து வர வேண்டும். அதனால் நிலையத்தில் எல்லோருக்கும் நான் டேப்பக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். சண்டை போட்டுப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

என்னிடம் இரண்டு கணக்கு உண்டு. காட்டில் நிற்கும்போது, கண்ணில் பட்ட எண்ணை அப்படியே ஒரு சின்ன பாக்கெட் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். போன மாதத்தைவிடக் குறைந்த எண்ணைப் போட்டால் அந்தக் கட்டம் சிவந்துவிடும். ஐந்து கட்டத்துக்கு மேல் சிவந்தால் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வரும்: அளப்பவர் கவனக்குறைவு. எனக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. இரண்டு கடிதம் வந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். ஆகவே நோட்டில் இருப்பது மரத்தின் அளவு, கம்ப்யூட்டரில் இருப்பது என் வேலையின் அளவு. இதை அப்போது இவ்வளவு தெளிவாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை.

மழை பொய்த்த முதல் வருடம் ஏழெட்டுக் கட்டம்தான் சிவந்தது. திருத்தினேன். இரண்டாம் வருடம் அறுபது. மூன்றாம் வருடக் கோடையில் திரையைத் திறந்தால் அம்மை போட்டதுபோல் இருந்தது. இருநூற்றுப் பத்தில் நூற்றுத் தொண்ணூறு சிவப்பு. ஒவ்வொன்றாகப் போன மாதத்து எண்ணை அடித்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்தேன். ஒரு வளையம் நழுவும், இரண்டு வளையம் நழுவும். நூற்றுத் தொண்ணூறு வளையம் ஒரே மாதத்தில் நழுவுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மரம் என்ன டயட்லயா இருக்கு, மெலியறதுக்கு?" என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

காட்டுக்குள் சிரிக்க முடியவில்லை. நடந்தால் காலடியில் அப்பளம்போல் நொறுங்கும். பழுத்து விழ வேண்டிய இலைகள் பச்சையாகவே காய்ந்து கொம்பில் தொங்கின. உச்சிக் கிளைகள் மொட்டையாகிக்கொண்டு வந்தன, மேலிருந்து கீழாக. பட்டைகளில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. புதுத் துளிர் ஒன்று இல்லை. பறவைச் சத்தமும் குறைந்துபோய், என் செருப்புச் சத்தமே எனக்கு எரிச்சலாக இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பத்தான் தோன்றும்.

அந்த இருநூற்றுப் பத்தில் நூற்றுப் பதினேழு மட்டும் எனக்குச் சொந்தக்கார மரம். காட்டு வாசலில் கேட் காவலனாக இருந்தவன் என் அண்ணன். அவனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் கேட்டை ஒட்டியே இருக்கிறது: ஒரு அறை, ஒரு சமையலறை, தகரக் கூரை. சமையலறைச் சுவருக்கு நாலடி தள்ளி நூற்றுப் பதினேழு. ஆள் இருவர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். லேசாக வீட்டுப் பக்கம் சாய்ந்து, பாதிக் கூரைக்கு நிழல் தரும். அண்ணி துணி காயப்போடுகிற கம்பியின் ஒரு முனை அதில்தான் கட்டியிருந்தது. மாதா மாதம் அதை அளக்கப் போகிறபோது டீ கிடைக்கும், அண்ணனின் கிண்டலும் கிடைக்கும்.

"வா அளவுகோல்! எப்படியிருக்கான் நம்ம பையன்? தொப்பை போட்டிருக்கானா?"

"உனக்குத்தான் போட்டிருக்கு. அதுக்கும் ஒரு வளையம் மாட்டவா?"

"மாட்டு. ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்தாத, உங்க அண்ணி பாத்துடுவா."

மூன்று வருடத்துக்கு முன்னால் நூற்றுப் பதினேழின் சுற்றளவு இருநூற்றுப் பதினாலு புள்ளி ஆறு சென்டிமீட்டர். கம்ப்யூட்டரில் இன்றுவரைக்கும் அதுதான். நோட்டில் புள்ளி ஐந்து ஆனது, புள்ளி நான்கு ஆனது, பிறகு மாதக்கணக்கில் புள்ளி இரண்டு. கடைசியில் வெறும் இருநூற்றுப் பதினாலு. ஆறு மில்லிமீட்டர் போயிருந்தது. சின்ன விரல் நகத்தளவுகூட இல்லை, அதற்கா இவ்வளவு யோசனை என்று என்னையே திட்டிக்கொண்டு டீயைக் குடிப்பேன்.

அந்தக் கோடை முடிவில் தலைமையகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. வறட்சியில் நலிந்த மரங்கள் விழும் அபாயம் இருக்கிறது. குடியிருப்பை ஒட்டியுள்ள மரங்களில் எது இறங்குமுகமாக இருக்கிறதோ அதை வெட்ட வேண்டும், வெட்டி முடிக்கும்வரை அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். நல்ல உத்தரவுதான். எது இறங்குமுகம் என்பதை மாத அளவுகளைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது. இறங்குமுகமே இல்லாத என் கணக்கிலிருந்து இறங்குமுகப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். பட்டியல் காலியாகத்தான் வந்தது. சூப்பர்வைசர் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அண்ணி என்னைத் தேடி வந்தாள். அவள் நிலையத்தின் நாற்றங்காலில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறவள். அதிகம் பேச மாட்டாள். கையில் ஈர மண் ஒட்டியிருக்க, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மரம் வெட்டற லிஸ்ட்ல நம்ம மரம் இல்லையாமே?"

"இல்ல அண்ணி."

"உச்சியில ரெண்டு கிளை காஞ்சிருச்சு. காத்தடிச்சா முனகுது. எனக்கு என்னமோ சரியா படலை. கொஞ்ச நாள் டவுன்ல எங்க அக்கா வீட்டுல போய் இருக்கலாம்னு சொல்றேன். உங்க அண்ணன் கேக்க மாட்டேங்கறார். என் தங்கச்சி அளந்த மரம், என் தலையில விழாதுங்கறார்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவள் வரவில்லை.

"நீ சொன்னா கேப்பார். போகவா, இருக்கவா? நீ சொல்லு."

நோட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் நூற்றுப் பதினேழோடு நிற்குமா? மூன்று வருடத்துப் பொய் முழுதும் சரசரவென்று வெளியே வரும். புதுப்பிக்கும் மாதம் வேறு அது. அதோடு, நான் ஒன்றும் வேண்டுமென்று கெட்டவளாக இருக்கவில்லை. எனக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. மரத்தின் கீழ்ப்பாதி பச்சையாகத்தானே இருக்கிறது, ஒரு மழை வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், எண்ணும் ஏறிவிடும், நான் திருத்தியதும் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"இலை பச்சையாத்தானே இருக்கு அண்ணி. பயப்படாதீங்க. இருங்க" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு டாக்டரம்மா வந்தார். நோயாளிகளுக்கு இல்லை, மரங்களுக்கு. சின்ன வயசு, ஒல்லி, பெரிய தொப்பி. உத்தரவுக்கு மேல் ஒரு உறுதிக்காக, வீடுகளை ஒட்டிய மரங்களை நேரில் பரிசோதிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடிவதற்கு முன் போய் இலையைப் பறிக்க வேண்டுமாம், வெயில் பட்டால் கணக்கு மாறிவிடுமாம். நீளக் கம்பில் கொக்கி மாட்டிய துரட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன்.

அவரிடம் இரும்பில் ஒரு குட்டி அறை இருந்தது. பிரஷர் குக்கர் மாதிரிதான், ஆனால் கனம். இலையை உள்ளே வைத்து, காம்பின் அறுத்த முனை மட்டும் மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி திருகுவார். பிறகு சிலிண்டரிலிருந்து காற்றை உள்ளே செலுத்துவார். அழுத்தம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் காம்பு முனையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். எவ்வளவு அழுத்தினால் வருகிறதோ அவ்வளவு தாகம்.

"ராத்திரி பூரா குடிச்சு நிறைஞ்சிருக்கற நேரம் இது" என்றார். "இப்பவே சீக்கிரம் தண்ணி வரலைன்னா, பாவம், குடிக்க ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

நூற்றுப் பதினேழின் இலையை வைத்தார். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறியது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காம்பு முனையையே பார்த்தேன். வரவில்லை. இன்னும் ஏற்றினார். வரவில்லை. முள் சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் அவர் கை தயங்கியது, காற்றை நிறுத்தினார்.

"இதுக்கு மேல ஏத்தினா மீட்டர் கண்ணாடி தெறிக்கும்" என்றார். குந்தி உட்கார்ந்து வேர்ப்பக்கத்து மண்ணைக் கிளறினார். தூசிதான் பறந்தது. ஒரு மெல்லிய வேரை இழுத்தார், நூல் அறுவதுபோல் கையோடு வந்தது.

"இலை பச்சையா இருக்கே?" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"பச்சை கடைசியிலதான் போகும்க்கா. தண்ணி பத்தலைன்னதும் முதல்ல இலையில இருக்கற வாயை எல்லாம் மூடிக்கும். மூடிட்டா தண்ணி மிச்சம், ஆனா சாப்பாடு செய்ய முடியாது. சேத்து வெச்சதைத் தின்னுட்டு நிக்கும். அப்பறமும் மழை இல்லைன்னா தண்ணி போற குழாயில காத்து புகுந்துடும். ஒரு தடவை அடைச்சா அந்தக் குழாய் போனதுதான். வேரும் நுனியிலருந்து செத்துட்டே வரும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இது சுருங்கியிருக்கணுமே. எவ்வளவு சுருங்கியிருக்கு? உங்க அளவைப் பாக்கலாமா?"

சுருங்கியிருக்கணுமே என்று அவர் சொன்னது, வெயில் வருமா என்று கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்து வேதம் அங்கேயே செத்தது.

ஆபீசுக்கு வந்தோம். சூப்பர்வைசர் பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று வருடம், முப்பத்தாறு கட்டம், எல்லாவற்றிலும் இருநூற்றுப் பதினாலு புள்ளி ஆறு. டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். கீழே போனார், மேலே வந்தார்.

"அசையவே இல்லையே" என்றார்.

"எங்க டேப்பக்கா கைக்கு அப்படி ஒரு நிதானம்" என்றார் சூப்பர்வைசர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கேட்டிருந்தால், ஒரு நிமிடம் வெளியே வாருங்கள் என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார். நல்ல பெண். நான் நோட்டு இருந்த பையின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வாயில் கொழுக்கட்டையா என்று அம்மா கேட்பாள், அது அன்றைக்குப் பொருந்தும்.

"மூணு வருஷக் கணக்கு ஒண்ணு சொல்லுது. என்னோடது ஒரே ஒரு காலை, ஒரே ஒரு இலை" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஒருவேளை நான் பறிச்ச கிளை மட்டும் பட்டுப்போயிருக்கலாம்." தன் தாளில் நூற்றுப் பதினேழுக்கு நேராக எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அடுத்த கோடையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதினார். மத்தியானம் அவர் வண்டி போய்விட்டது.

அன்றைக்கு மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், அதற்கு மறுநாள் என்று நினைத்தேன். இப்படியே இரண்டு வாரம் போயிற்று.

பிறகு மழை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு. ஆபீசில் இருந்த அத்தனை பேரும் வெளியே ஓடினோம். டிரைவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். சூப்பர்வைசர் கண்ணாடியோடு வானத்தை அண்ணாந்து பார்த்தார். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். என் கவலை எல்லாம் தீர்ந்தது, மரங்கள் குடிக்கும், எண்கள் ஏறும் என்று அழுதேன். போனில் அண்ணன் கத்தினான்: "அளவுகோல், உன் பையன் குளிச்சிட்டு நிக்கறான்! வந்து பாரு!" பின்னால் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பாதி வார்த்தை கேட்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்றேன்.

மழை விடவில்லை. மூன்று வருடத்துக் கடனை மூன்று நாளில் தீர்க்க வந்ததுபோல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணி நாற்றங்காலில் தேங்கிய தண்ணீரை வடிக்கப் போயிருந்தாள். இரவு முறை முடித்து வந்த அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். காற்றுகூட இல்லையாம். கேட்டில் நின்ற இன்னொரு காவலர் சொன்னார்: மரம் அவசரமே இல்லாமல் சாய்ந்தது, பாதி வழியில் நின்று யோசிப்பதுபோல்கூட இருந்தது, அவர் கத்திக்கொண்டு ஓடினார், அண்ணனுக்குக் கேட்கவில்லை.

நான் போனபோது அண்ணனை வெளியே எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வேர்த்தூர் பெயர்ந்து செங்குத்தாக நின்றது. அவ்வளவு பெரிய மரத்துக்கு ஒரு சாப்பாட்டு மேசை அளவுகூட வேர் இல்லை. மிச்சமெல்லாம் எப்போதோ மண்ணுக்குள்ளேயே மக்கிப்போயிருந்தது. துணி காயப்போடும் கம்பி அறுந்து சேற்றில் கிடந்தது.

அண்ணன் போன நான்காம் நாள் சூப்பர்வைசர் என் வீட்டுக்கே வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். இயற்கைச் சீற்றம் என்று அறிக்கை போகிறதாம், அண்ணிக்கு எல்லாம் ஒழுங்காகக் கிடைக்குமாம். மரத்தின் கோப்பை மூடக் கடைசியாக ஒரு அளவு வேண்டுமாம். "வேற யாரையாவது அனுப்பவா?" என்று கேட்டார். நானே போகிறேன் என்றேன். உண்மையான எண்ணை ஒரு தடவையாவது அந்தக் கட்டத்தில் எழுதிவிட வேண்டும் என்றுதான் போனேன். சிவக்கட்டும், கடிதம் வரட்டும், வேலை போகட்டும் என்று நினைத்தேன்.

மரத்தை மூன்று துண்டாக அறுத்துப் போட்டிருந்தார்கள். அடித்துண்டில் வளையம் அப்படியே இருந்தது. பட்டை அத்தனை மழையையும் குடித்து ஊறிப் பொதுபொதுவென்று இருந்தது. ஈரத்தை விரலால் துடைத்துவிட்டுக் கோட்டைப் படித்தேன். இருநூற்றுப் பதினாலு புள்ளி ஆறு.

மறுபடி படித்தேன். வளையத்துக்குச் சற்றுத் தள்ளி டேப்பைச் சுற்றி அளந்தேன். அதேதான். செத்த மரம், செத்த பட்டை, ஸ்பாஞ்சுபோல் தண்ணீரை இழுத்து உப்பி, நான் மூன்று வருடமாக அடித்துவந்த பொய்க்குச் சரியாக வந்து நின்றிருந்தது.

சூப்பர்வைசர் தானே அதைக் கட்டத்தில் ஏற்றினார். கட்டம் வெள்ளையாகவே இருந்தது. "பாத்தியா? கடைசிவரைக்கும் ஒரு மில்லி மாறலை. உன் மேல ஒரு சொல் விழாது" என்றார். என்னைத் தேற்றுவதாக அவர் நினைத்தார். உலகத்தில் எந்த ஆபீசும் இனி என்னைக் கண்டுபிடிக்க முடியாது. என் பையில் இருந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை, அதை அடுப்பில் போட ஒரு நிமிடம் ஆகாது.

அங்கிருந்து நேராக அண்ணி இருந்த இடத்துக்குப் போனேன். அவளுடைய அக்கா வீடு, டவுனில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. போகவா இருக்கவா என்று கேட்டாளே, அந்த வீடு. கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் யூனிஃபார்ம் சட்டையில் ஒரு பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஏன் தைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

"வா. சாப்பிட்டியா?" என்றாள்.

நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். நூற்றுப் பதினேழு என்று போட்ட பக்கத்தைத் திறந்து வைத்தேன். கன்றுகளுக்கு உயரம் குறித்துப் பழகியவள், எண்களைப் படிக்கத் தெரிந்தவள். ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு, விரலை முதல் வரியில் வைத்தாள். விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. புள்ளி ஆறு. புள்ளி ஐந்து. புள்ளி நான்கு. பக்கத்தைத் திருப்பினாள். கடைசி வரியில் விரல் நின்றது. அந்தத் தேதி, அவள் என் வாசலில் ஈர மண்ணோடு நின்ற நாளுக்கு நாலு நாள் முந்தையது.

"எனக்கு இருங்கன்னு சொன்னியே, அன்னைக்கு இது உன்கிட்ட இருந்ததா?"

"பையிலதான் இருந்துச்சு அண்ணி."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். நோட்டை மூடி அந்தச் சட்டைக்குள் வைத்து மடித்து, தலையணைக்கு அடியில் வைத்தாள். திரும்பக் கொடுக்கவில்லை.

"அவர் உன்னை நம்பித்தான் படுத்திருந்தார்" என்றாள். பிறகு எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.